சிந்தெடிக் ஒயில்: டின்னைப் பார்த்து வாங்குவதா, எஞ்சினைப் பார்த்து வாங்குவதா?

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்தில்தான் அந்தக் கதவு மீண்டும் திறந்தது. திறந்த பின்னரும் வரியும் டொலரின் பெறுமதியும் சேர்ந்து, புதிய லொறி என்பதைச் சிறு வியாபாரிக்கு எட்டாக்கனியாகவே வைத்திருக்கின்றன. மாம்புரி, நொரோச்சோலை, ஆலங்குடா, கற்பிட்டிப் பகுதிகளிலிருந்து மரக்கறியும் மீனும் கருவாடும் ஏற்றிச் செல்பவற்றில் பழைய வாகனங்களே அதிகம். ஓர் எஞ்சின் 'ஓவர்ஹோல்' வந்தால் ஒரு போகத்து இலாபம் அப்படியே கராஜுக்குப் போய்விடும். அந்தப் பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

இந்தப் பயத்தின் மேல்தான் இன்று சிந்தெடிக் ஒயில் வியாபாரம் நடக்கிறது. "இரண்டு மூன்று மடங்கு விலைதான் நானா, ஆனால் எஞ்சின் தேயவே தேயாது" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். "நம்மட வாப்பாமார் போட்ட ஒயிலே போதும், இதெல்லாம் கம்பனிக்காரன்ட விளையாட்டு" என்று பாஸ் சொல்கிறார. இருவரும் உங்கள் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அல்லர். ஒயிலுக்குச் சல்லி கொடுக்கும் வியாபாரி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஒயில் சிறந்தது என்பதல்ல. என் எஞ்சினைத் தேய வைப்பது எது என்பதுதான்.

டின்னில் உள்ள எழுத்து என்ன சொல்கிறது?

முதலில் 'சிந்தெடிக்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1974இல் மொபில் 1 சந்தைக்கு வந்த காலத்தில், இச்சொல் இரசாயன முறையில் புதிதாகக் கட்டியெழுப்பப்பட்ட எண்ணெயைக் குறித்தது. பின்னர் மசகு எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து அதற்குக் கிட்டிய தரத்துக்குக் கொண்டுவரும் முறை வந்தது. அதையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில், கெஸ்ட்ரோல் ஆகிய இரு கம்பனிகளுக்கிடையே பிரச்சினை எழுந்தது. விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999இல் கெஸ்ட்ரோலின் பக்கம் நின்றது. அன்றிலிருந்து இந்தச் சொல் ஒரே ஒரு பொருளைக் குறிப்பதில்லை. விலையில் பெரும் வித்தியாசமுள்ள இரண்டு டின்களிலும் அதே சொல் இருக்கலாம்.

அடுத்தது இலக்கங்கள். 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்பவற்றில் 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. பனி உறையும் நாடுகளில் காலையில் எஞ்சினை இயக்கும்போது ஒயில் இறுகாமல் ஓட வேண்டும். சிந்தெடிக் ஒயிலின் மிகப் பெரிய பலம் அங்கேதான் தெரிகிறது. மாம்புரியில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தத் தேவை இல்லை. அதன் மற்றப் பலம், கடும் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகாமை. டர்போ உள்ள எஞ்சினுக்கும், பாரத்தோடு நீண்ட தூரம் ஓடும் எஞ்சினுக்கும் இது உண்மையாகவே பயன்படும். ஆனால் தயாரிப்பாளர் 15டபிள்யூ-40 கேட்ட பழைய எஞ்சினுக்கு, விலை கூடியது என்பதற்காக மெல்லிய ஒயிலை ஊற்றினால் பிரஷர் குறையலாம், ஒயிலும் எரியலாம். எனவே தடிப்பையும் தரக்குறியையும் கையேட்டில் பார்த்து முடிவு செய்யுங்கள். தரக்குறி என்பது டீசலுக்கு சிஐ-4, சிகே-4 என்றும் பெற்றோலுக்கு எஸ்என், எஸ்பி என்றும் வருவது. சிந்தெடிக் என்ற சொல் அதற்குப் பிறகு வரவேண்டியது.

நமது கரையில் எதிரி யார்?

நமது மண் மணல் மண். கடற்காற்று அந்த மணலையும் உப்பையும் தூக்கிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்துப் பாதையில் ஓடும் லொறியும் கிணற்றடியில் இயங்கும் பம்பும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கின்றன. எயார் பில்டர் கிழிந்திருந்தால், அல்லது அதன் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தால், நுண்ணிய மணல் நேராகச் சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் லைனரையும் அராவுகிறது. இரும்பை விட மணல் கடினமானது. உலகத்தின் விலை கூடிய ஒயிலை ஊற்றினாலும் மணல் மணல்தான்.

இன்னொன்று டீசல். சாதாரண ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலை விடக் கந்தகம் அதிகம். அது எரியும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தை முறிக்க ஒயிலில் காரச் சரக்குச் சேர்த்திருக்கிறார்கள். அது நாளாக நாளாகத் தீர்ந்துவிடும். வெளிநாட்டில் ஒரே ஒயிலில் இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடினார்கள் என்ற கதையைக் கேட்கும்போது, அவர்கள் ஓட்டிய டீசல் எது, பாதை எது என்பதையும் கேட்க வேண்டும்.

ஒயில் பரிசோதனை

எஞ்சினைக் கழற்றாமல் அதன் தேய்மானத்தை அறிய ஒரு வழி உண்டு. பாவித்த ஒயிலில் சிறிதளவை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. அங்கே அதைக் கடும் வெப்பத்தில் எரிக்கும்போது ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய ஒளியைக் காட்டும். பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் அதன் அளவு தெரிந்துவிடும். 1940களிலேயே அமெரிக்க ரயில்வேயில் டீசல் எஞ்சின்களுக்கு இந்த முறை பயன்படத் தொடங்கியது. இன்று கேட்டர்பில்லர், செவ்ரோன் போன்ற பெரிய கம்பனிகள் தமது வாடிக்கையாளருக்கு இதை ஒரு சேவையாகவே வைத்திருக்கின்றன.

நமது ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2010இல் மாம்புரிக் கரையில் காற்றாலைகள் மின்சாரம் தரத் தொடங்கின. இவ்வகைக் காற்றாலைகளின் உச்சியில் உள்ள கியர்பெட்டியில் நூற்றுக்கணக்கான லீற்றர் ஒயில் இருக்கும். அதற்குப் பொதுவாகச் சிந்தெடிக் ஒயிலே பயன்படுகிறது, ஏனெனில் அவ்வளவு உயரத்தில் அடிக்கடி மாற்ற முடியாது. அதற்காக ஊற்றிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. காலத்துக்குக் காலம் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பதே அத்தொழிலின் வழமை. விலை கூடிய ஒயிலும் பரிசோதனையும் அங்கே சேர்ந்தே போகின்றன. நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

ரிப்போர்ட்டை வாசிப்பது பெரிய வித்தையல்ல. சிலிக்கன் கூடியிருந்து அதோடு இரும்பும் குரோமியமும் கூடியிருந்தால், மணல் உள்ளே போகிறது. எயார் பில்டரைப் பாருங்கள். ஈயமும் செம்பும் கூடினால் பெயரிங் தேய்கிறது. சோடியமும் பொட்டாசியமும் கூடினால் கூலன்ட் கசிகிறது. படகின் உள் எஞ்சினில் சோடியத்தோடு மக்னீசியமும் வந்தால் கடல் நீர் புகுந்திருக்கலாம். ஒயில் மெலிந்திருந்தால் டீசல் கலக்கிறது. ஒயில் கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பது அது கரியைச் சுமக்கிறது என்பதற்கு அடையாளம். கெட்டுவிட்டது என்பதற்கு அத்தாட்சியல்ல.

ஆனால் இலக்கத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. 5,000 கிலோமீற்றர் ஓடிய ஒயிலில் இரும்பு 40 என்றும், 15,000 ஓடிய ஒயிலில் 60 என்றும் வருவதாக வைத்துக்கொள்வோம். 60 அல்லவா மோசம் என்று தோன்றும். ஆயிரம் கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்: முதலாவது 8, இரண்டாவது 4. தேய்மானம் குறைந்தது இரண்டாவதில்தான். இடையில் ஊற்றிய ஒயிலும் கணக்கை மாற்றும். புதிய ஒயிலிலும் சிறிது சிலிக்கன் இருக்கலாம் என்பதால் அதன் மாதிரி ஒன்றையும் ஒப்பிட அனுப்ப வேண்டும். ஒரே ஒரு ரிப்போர்ட் போதாது. மூன்று நான்கு முறை பார்த்தால்தான் போக்குத் தெரியும். பெரிய உலோகத் துகள்களை இந்தக் கருவி காணாது. அதற்கு, கழற்றிய ஒயில் பில்டரை வெட்டிப் பார்ப்பதே வழி.

யாருக்கு எது?

பேலியகொடைச் சந்தைக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் பாரத்தோடு ஓடும் லொறிக்குப் பரிசோதனை பயன் தரும். சிந்தெடிக் மூன்று மடங்கு விலை என்றால், அது மூன்று மடங்கு தூரம் ஓடினால்தான் ஒயிலுக்குக் கொடுத்த விலை கட்டும். பில்டரும் கூலியும் மிச்சம். அவ்வளவு தூரம் ஓடலாமா என்பதை ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும், விற்பவர் அல்ல. பரிசோதிக்க விருப்பமில்லாதவர் நல்ல சாதாரண ஒயிலை நேரத்துக்கு மாற்றுவதே இலாபம்.

தோட்டத்துச் சிறு பெற்றோல் பம்புக்கு இரண்டும் வேண்டாம். அதில் கொள்வது அரை லீற்றருக்குச் சற்றுக் கூட. அநேகமானவற்றில் ஒயில் பில்டரே கிடையாது. பரிசோதனைச் செலவில் பல முறை ஒயில் மாற்றிவிடலாம். பொதுவாக 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பார்கள்; நமது மணலில் அதற்கும் முந்தி மாற்றுங்கள். டூ-ஸ்ட்ரோக் அவுட்போட் எஞ்சினில் ஒயில் எரிபொருளோடு எரிந்துவிடுவதால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. அதற்குரிய டிசி-டபிள்யூ3 ஒயிலைச் சரியான அளவில் கலப்பதே முக்கியம்.

தனி ஒருவருக்கு ஆய்வுகூடம் தூரமாகத் தெரியலாம். பத்து லொறிக்காரர்கள் சேர்ந்து மாதிரிகளை ஒன்றாக அனுப்பினால் செலவும் அலைச்சலும் குறையும். விவசாய, மீனவர் சங்கங்களும் வர்த்தகச் சங்கங்களும் ஒயில் கம்பனிகளிடம் கழிவோடு போத்தல் காலண்டர் கேட்பதற்குப் பதிலாக இந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும். மொத்தமாக வாங்குபவர்கள் கேட்டால் கம்பனிகள் செவிசாய்க்கும்.

ஒயில் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்க வருபவர் டின்னை நம்பி வரவில்லை, உங்களை நம்பி வருகிறார். பம்புக்கு ஒயில் கேட்டு வந்தவரிடம் விலை கூடியதைத் தள்ளிவிடுவது ஒரு நாள் இலாபம். "எயார் பில்டரை முதலில் மாற்றுங்கள்" என்று சொல்லி அனுப்புபவரின் கடைக்கு அவர் மீண்டும் வருவார். வெற்று டின்களை வாங்கிப் போகிறவர்களுக்குக் கொடுக்காமல் உடைத்துப் போடுங்கள். போலி ஒயிலுக்கு அதுவே வழி திறக்கிறது.

சிந்தெடிக் ஒயில் மோசடியும் அல்ல, மருந்தும் அல்ல. தேவைப்படும் எஞ்சினுக்கு அது நல்ல சரக்கு. அந்தத் தேவை இருக்கிறதா என்பதை அடுத்த முறை ஒயில் மாற்றும்போது, பழைய ஒயிலைக் கழிவுத் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் அதிலேயே கேட்டுப் பாருங்கள்.