மலைச் சைக்கிளும் நமது பொறுமையும்



"பொறுமையாய் இரு, எல்லாவற்றையும் தாங்கிக்கொள்" என்ற புத்திமதியைக் கேளாத பெண் எங்கள் மண்ணில் இருக்கமாட்டாள். இடம்பெயர்ந்த போதும் கேட்டோம், உறவுகளைப் பறிகொடுத்த வீட்டிலும் கேட்டோம். ஆனால் எப்படித் தாங்குவது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லித் தரும் ஒரு விளையாட்டைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். அதுதான் மலைச் சைக்கிள் நெடுந்தூரப் போட்டி.

"சைக்கிள் போட்டிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். சைக்கிள்தான் எங்கள் பஸ், அம்புலன்ஸ், விறகு வண்டி எல்லாம். டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தியும் கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, சாமான் கட்டிய சைக்கிள்களை அடி அடியாக உருட்டிக்கொண்டு போனோம். நான் அம்மாவைக் கரியரில் இருத்தி உருட்டினேன். நெடுந்தூரம் என்றால் என்னவென்று எங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் கனடாவுக்கு வந்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் மலைச் சைக்கிளில் ஏறினேன். தடித்த ரயரும் பல கியர்களும் கொண்ட இந்தச் சைக்கிளில், கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளில் ஓடவேண்டும். நான் பரிசுக்காகவோ பணத்துக்காகவோ ஓடுபவள் அல்ல. கிழமை நாட்களில் வேலைக்குப் போய், ஓய்வு நாட்களில் பயிற்சி எடுப்பவள். இப்போட்டிகளில் ஓடுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் இப்படிப்பட்டவர்களே.

இவ்வகைப் போட்டிகளில் பெயர் பெற்ற ஒன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லெட்வில் என்னும் சிற்றூரில் நடப்பது. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. எங்கள் பிதுருதலாகல மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்த பெரிய சுரங்கம் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஊரே வெறிச்சோடும் நிலை வந்தபோது, வேலை இழந்த சுரங்கத் தொழிலாளி கென் க்ளோபரும் மெரிலி மோப்பின் என்ற பெண்மணியும் வெளியூராரை வரவழைக்க ஒரு வழி தேடினர். 1983இல் 100 மைல் ஓட்டப் போட்டியும், 1994இல் 100 மைல் மலைச் சைக்கிள் போட்டியும் அங்கே தொடங்கின. நொந்துபோன ஓர் ஊர் தன்னைத் தானே தூக்கி நிறுத்திய கதை இது.

அப்போட்டியில் முதலாவதாக வருபவர்கள் ஆறேழு மணித்தியாலங்களில் முடித்துவிடுவார்கள். ஆயினும் 12 மணித்தியாலத்துக்குள் திரும்பி வரும் ஒவ்வொருவருக்கும் வெள்ளியிலான இடுப்புப்பட்டிக் கொக்கி கிடைக்கும். செங்குத்தான ஏற்றத்தில் அநேகர் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அதை யாரும் வெட்கமாக நினைப்பதில்லை. வந்து சேர்வதுதான் கணக்கு.

நான் ஓடியது ரொறன்ரோவுக்கு வடமேற்கே, அல்பியன் குன்றுகளில் நடந்த 24 மணித்தியாலப் போட்டியில். நாங்கள் நான்கு பெண்கள் ஒரு குழு. ஒருத்தி ஒரு சுற்று ஓடி வந்ததும் அடுத்தவள் புறப்படுவாள். மற்றவர்கள் சாப்பிடுவார்கள், உறங்குவார்கள். இந்த விளையாட்டில் உறக்கமும் போட்டியின் ஒரு பகுதி. உறங்காமல் காவல் இருப்பவளை அங்கே யாரும் புகழமாட்டார்கள். அவளுடைய அடுத்த சுற்று கெட்டுவிடும் என்று அதட்டிப் படுக்க வைப்பார்கள்.

இன்னொரு விதியும் உண்டு: பசிக்கு முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி. கடுமையாக உழைக்கும்போது உடம்பில் சேமித்த மாச்சத்து இரண்டு மணித்தியாலம் அளவில் வற்றிவிடும். வற்றியபின் எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் கால் எழும்பாது. அதனால் அரை மணிக்கு ஒரு தடவை சிறிதளவாவது உண்ணவேண்டும். என் சட்டைப் பையில் எள்ளுருண்டையும் வாழைப்பழமும் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் இருந்தால் சாப்பிடும் எங்கள் பழக்கத்துக்கு இது நேர் எதிரானது. ஆனால் சுமப்பவள் முதலில் சாப்பிட்டால்தான் சுமை வீடு போய்ச் சேரும்.

இரவுச் சுற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். தலைக்கவசத்தில் கட்டிய சிறு விளக்குடன் காட்டுக்குள் தனியே போகவேண்டும். முதன்முறை போனபோது கை நடுங்கியது. காடும் இருளும் எங்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டு வருபவை அல்லவா? கிளை முறியும் சத்தத்துக்கே நெஞ்சு பதறியது. அந்தப் பயம் அன்று போய்விடவில்லை, இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனால் காட்டுக்கு வெளியே ஒருத்தி விழித்திருந்து, தேநீருடன் எனக்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்த நினைப்புத்தான் என்னைச் சுற்றி முடிக்க வைத்தது.

இந்த விளையாட்டின் பெரிய வீராங்கனைகளில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரெபெக்கா ரஷ். லெட்வில் போட்டியில் 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு தடவை பெண்களில் முதலிடம் பெற்றவர். இவருடைய தந்தை போர் விமானத்தில் பறந்தவர். 1972இல், மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, லாவோஸ் நாட்டின் மேலே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. நீண்ட காலம் அவர் காணாமற்போனவராகவே இருந்தார்.

2015இல் ரெபெக்கா வியட்நாமில் தொடங்கி, ஹோ சி மின் பாதை வழியே ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, தந்தையின் விமானம் விழுந்த இடத்துக்குப் போனார். தனியே போகவில்லை. வியட்நாமிய மலைச் சைக்கிள் வீராங்கனை ஹுயென் நுயென் அவருக்குத் துணையாக வந்தார். ஒரு காலத்தில் போரில் எதிரெதிராக நின்ற இரு நாட்டின் பெண்கள் ஒரே பாதையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டினார்கள். இப்பயணம் 2017இல் 'பிளட் ரோட்' என்ற ஆவணப்படமாக வெளிவந்தது.

வழி நெடுகிலும் ரெபெக்கா கண்டது குண்டுக் குழிகளையும், வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளையும். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது 20 லட்சம் தொன்னுக்கும் அதிகமான குண்டுகள் வீசப்பட்டன. ஊர் திரும்பியபின் அவற்றை அகற்றும் பணிக்காக, மாக் என்னும் நிறுவனத்துக்கு அவர் நிதி திரட்டினார். அதே நிறுவனம் எங்கள் வடக்கிலும் கண்ணிவெடி அகற்றியது. முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக எங்கள் நிலத்தை மீட்டவர்களில் வன்னிப் பெண்களும் பலர். அவர்களைவிட நெடுந்தூரம் போனவர்கள் யார்?

அந்தப் பயணத்தால் ரெபெக்காவின் துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். காணாமற்போனவரைத் தேடும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர் போன விதத்தைக் கவனியுங்கள். ஆயத்தத்தோடு போனார், நாளாந்தம் உண்டு உறங்கிப் போனார், துணையோடு போனார்.

சகோதரிகளே, நாங்கள் ஓடிக்கொண்டிருக்கும் பாதையும் நீண்டதுதான். ஆகவே இன்று பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது உங்களுக்கும் ஒரு கோப்பையில் போடுங்கள். ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டுங்கள். அயலில் தனித்திருக்கும் பெண்ணுக்கு, "நான் விழித்திருக்கிறேன், நீ கொஞ்சம் படு" என்று சொல்லுங்கள். நாளை அவள் உங்களுக்குச் சொல்வாள்.