கத்துகிற பெல்ட்டைக் கழற்றி எறிவதா வைத்தியம்?

லாங் பஜாரில் காலை பத்து மணிக்கு மேல் வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மூட்டை இறக்கும் குட்டி யானை. அதைத் தாண்ட வழியில்லாமல் பின்னால் கார்கள். நின்ற இடத்திலேயே இஞ்சின் ஓடும், ஏசியும் ஓடும். வேலூர் வெயிலில் அதை அணைக்க யாருக்கு மனசு வரும்? அந்த நெரிசலில் ஏதாவது ஒரு கார் பானெட்டுக்குள்ளிருந்து "கீ...ச்" என்று கத்தும். ஓட்டுகிறவர் கூச்சப்பட்டு மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போவார். அங்கே பெரும்பாலும் இரண்டே மருந்துதான். ஒன்று ஸ்ப்ரே, இன்னொன்று புது பெல்ட். காரணம் பார்க்காமல் கொடுக்கும் இந்த இரண்டு மருந்தையும் நான் எதிர்க்கிறேன்.

முதலில் ஸ்ப்ரே. பெல்ட்டுக்கு ஏதாவது தடவுவது தோல் வார் காலத்துப் பழக்கம். அன்றைய ஆலைகளில் மேலே ஒரு நீண்ட ஷாஃப்ட் சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தட்டையான தோல் பெல்ட் இறங்கும். தோல் காய்ந்தால் வழுக்கும் என்று எண்ணெய், கொழுப்பு, ரோசின் எல்லாம் தடவினார்கள். அது சரி. காய்ந்த தோலுக்கு எண்ணெய் ஏன் வேண்டும் என்று ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் படித்த பிரெஞ்சில் தோல் வாருக்கும் இஞ்சின் பெல்ட்டுக்கும் "கூர்வா" என்று ஒரே சொல்தான். சொல் ஒன்றானாலும் சரக்கு வேறு. இன்றைய காரில் ஓடுவது செயற்கை ரப்பர். அதில் எண்ணெய்ப் பசையுள்ள ஸ்ப்ரே அடித்தால் ரப்பர் உப்பும், தூசி ஒட்டும். நாலு நாள் சத்தம் அடங்கும். கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

இனி புது பெல்ட். அலுவலகத்தில் முப்பது வருஷம் மனு வாங்கிப் பழகியவன் நான். மனு கொடுத்தவனையே குற்றவாளி ஆக்குவது போலத்தான் இதுவும். பெல்ட் தானாக எதையும் செய்வதில்லை. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப், பழைய வண்டிகளில் பவர் ஸ்டியரிங் என்று எல்லாவற்றையும் அதுதான் சுற்றுகிறது. இடையில் ஐட்லர் புல்லி, டென்ஷனர் வேறு. இவற்றில் ஒன்று இறுகினாலும் சாய்ந்தாலும் கத்துவது பெல்ட்தான். பழைய அம்பாஸடரில் ஒற்றை ஃபேன் பெல்ட். கட்டைவிரலால் அழுத்தி, ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே போனால் சரி என்று விடுவார்கள். இன்று பெல்ட் இஞ்சின் முகப்பில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. விரல் வைத்தியம் போதாது, காதும் வேண்டும்.

இஞ்சின் வேகத்தோடு சேர்ந்து "கிச், கிச்" என்று விட்டு விட்டு வந்தால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். ஏசி போட்டதும் "கீ...ச்" என்று நீளமாக இழுத்தால் பெல்ட் வழுக்குகிறது: டென்ஷன் குறைவு, அல்லது சுற்றவேண்டிய ஒன்று இறுகியிருக்கிறது. "கர்ர்" என்று அரைத்தால் பேரிங். உறுதிப்படுத்தச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. துணி இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில், தள்ளி நின்று, கொஞ்சம் தெளிக்க வேண்டும். சத்தம் நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பினால் புல்லி நேர்க்கோடு. சத்தம் கூடினால் வழுக்கல். மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் கத்திவிட்டு அடங்குவதை இதில் சேர்க்காதீர்கள், அது வெறும் ஈரம்.

"வெடிப்பே இல்லை சார், பெல்ட் நல்லா இருக்கு" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். முந்தைய ரப்பர் வெடிக்கும். 1990களிலிருந்து பரவிய ஈ.பி.டி.எம். ரப்பர் சுலபத்தில் வெடிப்பதில்லை, டயர் மாதிரி தேய்கிறது. வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆறு மாதத்தில் இரண்டு பெல்ட் மாற்றினார். நடுவில் "பேட்டரி போச்சு" என்று புது பேட்டரியும் வாங்க வைத்தார்கள். பெல்ட் வழுக்கினால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது, பேட்டரி ஏறாது. ஓடும் இஞ்சினில் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று ஒரு மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பள்ளிகொண்டா தாண்டி ஐட்லர் பேரிங் இறுகி பெல்ட் அறுந்தது. வாட்டர் பம்ப் நின்றது, இஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போனது. சில நூறு ரூபாய் ஐட்லருக்காக ஒரு மாதப் பென்ஷன்.

மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன பயன்? பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு நாம் காசு கொடுக்கிறோமா? "சும்மா பார்த்ததுக்கு என்னப்பா கூலி?" என்று கேட்கிறோம். பொருள் மாற்றினால்தான் பில் என்றால் அவர் பொருளைத்தான் மாற்றுவார். டாக்டருக்கு மருந்தில்லாமலும் ஃபீஸ் கொடுக்கிறோமே, இவருக்குக் கொடுத்தால் என்ன? "தம்பி, காரணத்தைக் கண்டுபிடி, அதுக்கு இருநூறு ரூபாய் தனியா தர்றேன்" என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். கழற்றிய பெல்ட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் எண்ணெய்ப் பசை இருந்தால் இஞ்சினில் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் மாட்டும் புது பெல்ட்டும் சீக்கிரமே கத்தும்.

இன்னொன்று. பானெட்டைத் திறந்து நீங்களே எட்டிப் பார்ப்பதாக இருந்தால் தோளில் இருக்கும் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஓடுகிற பெல்ட்டுக்குத் துணி என்றும் விரல் என்றும் தெரியாது.