படம் திருடுபோனால் எந்த ஸ்டேஷனுக்குப் போவது?

திருவள்ளூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பின்பக்கச் சுவரேறிக் குதித்து யாராவது காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். செக்யூரிட்டி போன் போடுவார், ரோந்து வண்டி வரும், பழைய இரும்புக் கடைகளில் விசாரிப்பார்கள், பெரும்பாலும் ஆளும் சிக்குவான். அதே கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் ஒரு பெண், ராத்திரி கண்விழித்து வரைந்த படத்தை ஒருவன் இணையத்திலிருந்து எடுத்து, பனியனில் அச்சடித்து விற்றால் ஒன்றும் நடப்பதில்லை. எங்கே போய்ச் சொல்வது என்றே அவளுக்குத் தெரிவதில்லை. அதற்காகத்தான் தங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பெண் என் பழைய மாணவி. அவள் பெயரை இங்கே எழுதவில்லை, தங்களிடம் தரப்போகும் மனுவில் இருக்கும். அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது. செல்போனில் ஐபிஸ்பெயின்ட் என்ற செயலியைப் போட்டுக்கொண்டு, விரலாலும் ஒரு மலிவான ஸ்டைலஸாலும் வரைகிறாள். வரைந்ததை இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். அவளைப் போல வரைகிற பிள்ளைகள் பொன்னேரியிலும் ஊத்துக்கோட்டையிலும் திருத்தணியிலும் நிறைய இருக்கிறார்கள். ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து, குறை சொல்லி, பாராட்டி, அவர்களுக்குள் ஒரு பெரிய வட்டமே உருவாகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு பீரியடுக்கு மேல் எங்களால் கொடுக்க முடியாததை அவர்கள் தாங்களாகவே தேடிக்கொண்டார்கள்.

அவள் வரைந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேப்பஞ்சேலை உடுத்தி நிற்கும் ஒரு பெண். இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. வலது மூக்கில் மூக்குத்தி. ஒரு பக்கத்துக் காதுமடல் அறுந்து தொங்கும். அது அவளுடைய அம்மாவின் காது. பாம்படம் போட்டு அறுந்ததில்லை. ஒரு விபத்தில் கம்மல் மாட்டி இழுத்து அறுந்தது. அந்த வேப்பிலைகளை அவள் ஒவ்வொன்றாக வரைந்தாள். இலையை வரிசை வரிசையாகப் போடும் பிரஷ் செயலியிலேயே இருக்கிறது, அவள் அதைத் தொடவில்லை.

ஆடி மாதத்தில் அவளோடு கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண் திருவிழாக் கடையிலிருந்து ஒரு மஞ்சள் பனியனை ஆசையாக வாங்கிவந்து கொடுத்திருக்கிறாள். "நீ வரையற படம் மாதிரியே இருக்கு பாரேன்" என்றாளாம். படம் இடம் வலமாகத் திருப்பப்பட்டிருந்தது. மூக்குத்தி இடப்பக்கம் போயிருந்தது. குழந்தை அடுத்த இடுப்புக்கு மாறியிருந்தது. கொலுசுக்குக் கீழே அவள் போட்டிருந்த கையெழுத்தின் மேல் பக்கத்திலிருந்த இலைகளையே நகலெடுத்து ஒட்டி மூடியிருந்தார்கள். ஆனால் அறுந்த காதை எடுத்தவன் கவனிக்கவில்லை. அது அப்படியே அச்சாகியிருந்தது. அந்தப் பனியனை நானும் கையில் வாங்கிப் பார்த்தேன். உலகத்தில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் அந்தக் காது.

படத்தை விற்றுக்கொண்டிருந்த இணையப் பக்கத்துக்கு அவள் எழுதினாள். அவளை பிளாக் செய்துவிட்டார்கள். அந்த இணைய நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். பக்கம் மறைந்தது, வேறு பெயரில் திரும்ப வந்தது. பிறகு ஒரு காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் அவளை மரியாதையாகத்தான் உட்கார வைத்திருக்கிறார், அதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் கேட்ட கேள்விகள் மூன்று: "எவ்வளவு பணம் போச்சும்மா?", "படத்தைப் பதிவு பண்ணியிருக்கியா?", "1930க்கு அடிச்சியா?" பணம் எதுவும் போகவில்லை, பதிவும் செய்யவில்லை. 1930 பணமோசடிக்கான எண். சி.எஸ்.ஆர். ரசீதுகூட இல்லாமல் திரும்பிவந்தாள்.

ஐயா, அந்த மூன்று கேள்விக்கும் சட்டம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அது நிலையங்கள் வரை போய்ச் சேரவில்லை என்பதுதான் என் முறையீடு.

1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, ஓவியம் வரைந்து முடித்த கணத்திலேயே அதன் உரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. செய்துகொண்டால் சாட்சியமாக உதவும், அவ்வளவுதான். பிரிவு 63 தெரிந்தே உரிமையை மீறுபவனுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமா, ஜாமீனில் விடக்கூடியதா என்று உயர் நீதிமன்றங்கள் நெடுநாள் மாறி மாறிச் சொல்லிவந்தன. 2022 மே 20 அன்று நிட் புரோ இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது: காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம், ஜாமீனில் விடமுடியாத குற்றம். பிரிவு 64 இன்னும் ஒரு படி மேலே போகிறது. சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத எந்த அதிகாரியும், குற்றம் நடந்தது என்றோ நடக்கப்போகிறது என்றோ அவருக்குத் திருப்தி ஏற்பட்டால், திருட்டுப் பிரதிகளையும் அவற்றை அச்சடிக்கும் அச்சுகளையும் வாரண்ட் இல்லாமலே பறிமுதல் செய்து மாஜிஸ்திரேட் முன் ஒப்படைக்கலாம். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் இந்த அதிகாரம் உள்ள ஒருவராவது இருக்கிறார்.

காவல்துறை தலையிட்டே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இணைய நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினால் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் நிறுவனம் அதைத் திரும்பவும் திறந்துவிடலாம். சினிமா கம்பெனிக்கு 21 நாள் தாராளம், சென்னையில் வக்கீல் தயாராக இருப்பார். மாதச் சம்பளத்தில் வாடகையும் கட்டி ஊருக்கும் பணம் அனுப்பும் பெண்ணுக்கு? லீவு போட்டு வக்கீலைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்த நாட்கள் போய்விடும்.

சினிமாவுக்கு இந்த மாநிலம் செய்ததைப் பார்க்கிறேன். திருட்டு வீடியோவைத் தடுக்கக் காவல்துறையில் தனிப் பிரிவே அமைந்தது. 2004இல் குண்டர் சட்டத்திலேயே திருட்டு வீடியோக்காரர்களைச் சேர்த்தார்கள். ஒரு கலையைத் திருடுவது பிழைப்பைத் திருடுவது என்று தமிழ்நாட்டு அரசுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. சினிமாவின் பின்னால் சங்கங்களும் பணமும் இருந்ததால் அது கேட்கப்பட்டது, அதில் தவறில்லை. படம் வரைகிறவர்களுக்குச் சங்கம் இல்லை. குண்டர் சட்டம் எங்களுக்கு வேண்டாம். சாதாரணச் சட்டம் நடந்தால் போதும்.

இந்தக் கடற்கரைக்கு இது பழகிப்போன கதை. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காடு தங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட கைக்குட்டைகளுக்கு உலகெங்கும் அப்படியொரு கிராக்கி இருந்ததால், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்து, பழவேற்காட்டின் பெயரை வைத்தே விற்றார்கள். 1742இல் கெர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், இந்தச் சோழமண்டலக் கரையில் துணிக்கு வண்ணமெழுதும் வித்தையை, தம்மிடம் மதம் மாறிய கைவினைஞர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, படிப்படியாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். அந்தக் கடிதம் அங்கே அச்சிலும் வந்தது. பாதிரியாரின் பெயர் இன்றும் நூலகங்களில் இருக்கிறது. கடுக்காய்ச் சாற்றில் துணியை ஊறவைத்துக் கோடு இழுத்தவர்கள் பெயரில்லாத கைவினைஞர்களாகவே நின்றுபோனார்கள். அப்போது கேட்பதற்குச் சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது.

எதிர்ப்பக்கம் பெயருள்ள கம்பெனியாக இருந்தால், சட்டம் வருவதற்கு முன்பே வெட்கம் வேலை செய்துவிடுகிறது. 2018 ஜனவரியில் ஒரு பத்திரிகை அட்டையில் இந்தி நடிகை ஒருவர் அணிந்திருந்த டியோர் நிறுவனத்து உடையில், டெல்லியின் 'பீப்பிள் ட்ரீ' கலைக்கூடத்தின் அச்சு வடிவம் இருப்பதை அதை உருவாக்கியவர்களே இணையத்தில் அருகருகே வைத்துக் காட்டினார்கள். உலகமே பேசியது, பிறகு டியோர் சமரசத்துக்கு வந்தது. பெரியபாளையத்துப் பனியனை அச்சடித்தவனுக்குப் பெயருமில்லை, இழப்பதற்கு மானமுமில்லை. அவனை இணையத்தில் திட்டி எதுவும் ஆகப்போவதில்லை.

ஆனாலும் பிள்ளைகள் திட்டுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை தருவது அதுதான். நியாயம் கேட்க இடமில்லாததால் அவர்களே தீர்ப்பு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் "என் படத்தை ட்ரேஸ் பண்ணிட்டான்" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டால் போதும், நூறு பேர் போய் அந்தப் பையனின் பக்கத்தில் கண்டபடி எழுதுகிறார்கள். அவன் திருடியிருக்கலாம். அல்லது இருவரும் ஒரே போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கலாம். பார்த்து வரைவது திருட்டில்லை, நாங்கள் வகுப்பில் கற்றுக்கொடுப்பதே அதைத்தான். கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கைபோலவே வரையப் பழகிய சீடர்கள்தான் சிவகாசிக் காலண்டர்களில் பாதி சாமிகளுக்கு முகம் கொடுத்தார்கள். ஆனால் படத்தின் மூலையில் கையெழுத்து இருந்தது. பழகுவதற்கு நகலெடுப்பதும், கையெழுத்தை அழித்துவிட்டு விற்பதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை ஆற அமர விசாரித்துச் சொல்ல வேண்டியது தங்கள் துறையும் நீதிமன்றமும். கோபத்தில் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கையில் அதை விட்டுவிடக் கூடாது. தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் வரைவதையே நிறுத்திவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவன் கை நல்ல கை.

செயற்கை நுண்ணறிவு எல்லோருடைய படத்தையும் விழுங்கிவிட்டுப் புதுப்படம் துப்புகிறதே என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது டெல்லி தீர்க்க வேண்டிய வழக்கு, தங்களிடம் அதைக் கொண்டுவரவில்லை. பனியன் விவகாரம் அப்படியில்லை. திருடியவன் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாலும், திருட்டுப் படம் பொருளாக மாற ஒரு மெஷின் வேண்டும். ஃபிலிமில் அச்சிட்டு, ஹீட் பிரஸ்ஸில் வைத்து அழுத்த ஒரு கடை வேண்டும், அதற்கு ஒரு கதவு எண்ணும் மின் இணைப்பும் இருக்கும். பனியன் அடிக்கும் கடைகளும், செல்போன் கவர் அச்சடிப்பவர்களும், ஃபிளெக்ஸ் போடுபவர்களும் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை அடித்துக் கொடுக்கிறார்கள். "இது யார் வரைந்தது?" என்று கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அவர்களைத் தூக்கிவந்து உட்காரவைக்கச் சொல்லவில்லை. சட்டமும் தெரிந்தே செய்பவனைத்தான் குற்றவாளி என்கிறது. லாப நோக்கமில்லாமல் செய்தவனுக்குத் தண்டனையைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு இடம் வைத்திருக்கிறது. ஆடித் திருவிழா தொடங்குவதற்கு முன் அந்தந்த நிலைய எல்லையிலுள்ள அச்சுக் கடைக்காரர்களை ஒருமுறை கூப்பிட்டுப் பேசினால் பாதித் திருட்டு நின்றுபோகும். சீசனுக்கு முன் வியாபாரிகளை அழைத்துப் பேசுவது தங்கள் துறைக்குப் புதிதல்ல.

நான் கேட்கும் மற்றொன்று ஒரு சுற்றறிக்கை. காப்புரிமை மீறல் புகார் வந்தால் மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். கொடுக்க வேண்டும், பதிவுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, குற்றம் தெளிவாகத் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டுப் பிரிவு 64படி பறிமுதல் செய்யலாம் என்று தங்கள் கையெழுத்தோடு எல்லா நிலையங்களுக்கும் ஒரு பக்கம் போனால் போதும். மாவட்ட சைபர் கிரைம் பிரிவில் ஓர் அதிகாரியாவது இந்தச் சட்டத்தைப் படித்தவராக இருந்து, நிலையங்கள் சந்தேகம் கேட்க ஓர் ஆளாக இருக்க வேண்டும்.

சாட்சியத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் பயன்படுத்தும் செயலி, முதல் கோட்டிலிருந்து கடைசி இலை வரை வரையப்பட்ட விதத்தைத் தானாகவே வீடியோவாகப் பதிவு செய்துவைக்கிறது. படம் இன்னும் லேயர் லேயராக அவள் போனில் இருக்கிறது. அசல் இல்லாமல் அச்சுப்படத்தை மட்டும் வைத்திருப்பவனால் அந்த லேயர்களைக் காட்டவே முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை இணைத்துவிட்டால் மின்னணு ஆதாரம் நீதிமன்றத்திலும் நிற்கும். அதை எப்படித் தயாரிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு காவலர் முன்வந்தால், ஒரு பள்ளிக்கூடத்தையும் கேட்க வருகிற கூட்டத்தையும் ஏற்பாடு செய்துதருவது என் பொறுப்பு.

வருகிற புதன்கிழமை மனு நாளில் அந்தப் பெண்ணும் நானும் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். அவளுக்கு அன்று இரவு ஷிப்டு என்பதால் காலையிலேயே வந்துவிடுவோம். அவளுடைய போன், பனியன், கடையில் கொடுத்த துண்டுச் சீட்டு, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகல் எல்லாம் கொண்டுவருகிறோம். அவளுடைய அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். படத்தில் இருப்பது தன் முகம்தான் என்று அவரே தங்களிடம் சொல்ல விரும்புகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்மிடிப்பூண்டி வட்டம்.