வெடித்தால்தான் ஆபத்தா?

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-இல் சிங்கப்பூர் அப்பர் புக்கித் தீமா வட்டாரத்தில், இரண்டாம் உலக யுத்தகாலத்து 100 கிலோ குண்டொன்றை ராணுவத்தார் வெடிக்கச் செய்து அழித்தனர். அதன்பொருட்டு 4,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் வீடுகளினின்று அகற்றப்பட்டனர். முறையான காரியம், பாராட்டுகிறோம். ஆயின் தோ பாயோவில், நம் தமக்கையார் குடியிருக்கும் கட்டடத்தின் கீழுள்ள காப்பிக்கடையில் அப்பேச்சு எழும்போதெல்லாம், "புகை அடங்கியது, ஆபத்தும் தீர்ந்தது" என்கின்றனரே, அவ்விடத்தில்தான் நாம் மாறுபடுகின்றோம். சத்தமிடாத யுத்தத் தளவாடம் எதுவும் இல்லையோ?

தோழர்களே! மலாயாவின் அவசரகாலத்தில், 1952-இல், பதுங்கித் தாக்குவோருக்கு மறைவிடம் இல்லாமற் செய்வதற்காகச் சாலையோரப் புதர்களின்மீது ஆங்கில சர்க்கார் களைக்கொல்லிகளைத் தெளித்தது. அவற்றுள் ஒன்று 2,4,5-டி. அதனைத் தயாரிக்கையில் டையாக்சின் என்னும் நஞ்சு தானே உண்டாகிக் கலந்துவிடும். மண்ணிலும் உடற்கொழுப்பிலும் அது ஆண்டுக்கணக்கில் தங்கும், புற்றுநோய் விளைப்பது. கையால் வெட்டினாலே போதும் என்று கண்ட பின்பு சாலையோரத் தெளிப்பை நிறுத்தினர். நம் உடம்பை எண்ணி நிறுத்தினர் என்று மயங்க வேண்டாம்.

1961-இல் அமெரிக்க வெளிவிவகார மந்திரி டீன் ரஸ்க், மலாயாவில் ஆங்கிலேயர் செய்ததையே முன்மாதிரியாகக் காட்டினார். வியட்நாமில் 1962 முதல் 1971 வரை 7 கோடி லிட்டருக்கு மேல் கொட்டினர். அங்கேனும் டா நாங் விமான நிலையத்து மண்ணைத் தோண்டிச் சூடேற்றி, 2012 முதல் 2018 வரை நஞ்சகற்றினர். முன்மாதிரியான மண்ணுக்கு என்ன செய்தனர்?

"மலாயாவில் தெளித்த அளவு சொற்பம்" என்பர் சில கற்றறிந்தோர். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மேனியில் ஏறியது சொற்பம் என்று கூற, மேனியை அளந்திருக்க வேண்டுமன்றோ?

நாம் ஜொகூரில் ஒரு தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் படித்ததனால் பீப்பாயின்மேல் அச்சிட்ட எச்சரிக்கை நமக்கு விளங்குகிறது. மருந்தடிக்கும் பெண்களுக்கு விளங்குவதில்லை. ஒரு டப்பா குறைந்தால் மேலதிகாரி நம்மைக் கேட்பார். அதை முதுகிற் சுமந்தவளுக்கு இருமல் கண்டால் கேட்பாரில்லை. யுத்தகாலத்துப் பேரேடும் இவ்வாறுதான் இருந்திருக்கும். எந்தச் சாலையில், எந்த மாதத்தில், எவ்வளவு தெளித்தனர் என்பதை இட வாரியாக வெளியிடட்டும். அந்த மண்ணைச் சோதிக்கட்டும். அக்காலத்துச் சிறுவர்கள் சிலரேனும் உயிரோடிருக்கையில் அவர்கள் வாய்மொழியை எழுதிக்கொள்ளட்டும்.

அவர்களுள் ஒருவர், எண்பது கடந்தவர், அதே காப்பிக்கடையில் நம்மெதிரே அமர்ந்திருந்தார். "புல்லெல்லாம் கருகிக் கெடந்துச்சு தம்பி. அந்த ஓரத்துக் கீரையைத்தான் ஆத்தா பறிச்சு ஆக்கும்" என்றார். எவ்விடம் என்று வினவினோம்.

"எட்டாங்கட்டை" என்றார், சற்றும் யோசியாமல்.