தீயணைப்புக்காரருக்கு நடந்த அநியாயம்

பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் எழுதினால் அப்படித்தான்.

நேற்று நம் குழுவில் ஒரு தம்பி, "காசுக்காக வெளிநாட்டு கிளப்புக்குப் போகிறவனுக்கு நாட்டுப்பற்று கிடையாது சார்" என்று எழுதியிருந்தான். நாலைந்து பேர் கைதட்டியிருந்தீர்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விளையாட்டு விழா மேடையில் வருடாவருடம், "பணம் வாங்கி ஆடினால் அது விளையாட்டல்ல, வியாபாரம்" என்று முழங்கியவனே நான்தான். இன்று சொல்கிறேன், அது தப்பு.

சுவீடனின் குன்னார் நோர்டாலை எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்லாடனைத் தெரியும் உங்களுக்கு. இவர் அவருக்கும் அறுபது ஆண்டு மூத்தவர். 1921இல் வடக்குச் சுவீடனில் பிறந்தவர். நோர்ஷோபிங் ஊரில் தீயணைப்பு வேலை, அந்த ஊர் அணிக்கே கோல் அடிக்கும் வேலையும். சுவீடனில் அப்போது பந்தாட்டத்துக்குச் சம்பளம் கூடாது என்று சட்டம். டிக்கெட் விற்கலாம், மைதானம் நிரம்பலாம், நிரப்புகிறவன் மட்டும் கூலி கேட்கக் கூடாது!

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுவீடன் தங்கம் வென்றது. அந்த அணியில் நோர்டால் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்: பெர்ட்டில், க்னூட், குன்னார். அரையிறுதியில் டென்மார்க்கோடு ஆடும்போது ஆஃப்சைடு ஆகிவிடுமோ என்று குன்னார் எதிரணியின் கோல் வலைக்குள்ளேயே போய் நின்றுகொண்டார். சக வீரர் தலையால் முட்டிய பந்து உள்ளே வந்து அவர் கைக்கே சேர்ந்தது. (சிரிக்காமல் இந்தக் கதையை என்னால் சொல்ல முடிந்ததில்லை.)

1949 ஜனவரியில் இத்தாலியின் மிலான் அழைத்தது. போனார். அன்றோடு நாட்டு அணியின் கதவு சாத்தப்பட்டது. சம்பளம் வாங்குகிறவனுக்குச் சுவீடன் சட்டை கிடையாதாம். அப்போது அவருக்கு வயது 27. நாட்டுக்காக ஆடியது 33 ஆட்டம், அடித்தது 43 கோல். இப்படி ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய புண்ணியவான்கள்தான் நாட்டுப்பற்று உள்ளவர்களா?

மிலானில் அவர் சும்மா இருக்கவில்லை. லீக் ஆட்டங்கள் 257, கோல்கள் 210. ஐந்து முறை இத்தாலிய லீக்கில் அதிக கோல் அடித்தவர். 1949-50இல் அடித்த 35 கோலை ஒரே பருவத்தில் தாண்ட 2016 வரை ஆளில்லை. கூடவே கிரேன், லீட்ஹோல்ம் என்ற இரண்டு சுவீடன்காரர்கள்; மூவரையும் சேர்த்து 'கிரே-நோ-லி' என்றார்கள். 1951இல் மிலான் கோப்பை வென்றது, 44 வருடத்துக்குப் பிறகு.

இங்கே சுவீடன் என்ன செய்தது? இவர்கள் இல்லாமலே 1950 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1954 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. அதே பருவத்தில் இத்தாலியில் கோல் பட்டியலின் உச்சியில் இருந்தவர் யார்? நம் தீயணைப்புக்காரர்தான்.

"விதி எல்லாருக்கும் பொது, தெரிந்துதானே போனார்?" என்பீர்கள். சரி, அது கொள்கை என்றால் 1958இல் ஏன் காற்றில் விட்டார்கள்? உலகக் கோப்பை தங்கள் மண்ணில் நடக்கிறது என்றதும் இத்தாலியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். லீட்ஹோல்முக்கு வயது 35; அவரே தலைவர். பிரேசிலுக்கு எதிரான இறுதிப் போட்டியில் முதல் கோலும் அவருடையது. 1949இல் பாவமாக இருந்த காசு 1958இல் புனிதமாகிவிட்டதா? அப்போது நோர்டாலுக்கு 36. அழைப்பு வரவில்லை. நல்ல வருடங்களெல்லாம் வாசலிலேயே கழிந்துவிட்டன.

ஊரை விட்டுப் போனது அவரா, ஊர் அவரை விட்டதா? எழுதிய தம்பி பதில் சொல்லட்டும். எழுத்துப்பிழை இல்லாமல். இன்னும் சிவப்பு மை வைத்திருக்கிறேன்.