ஃபாரின்ல இருந்துகொண்டு திண்டுக்கல்லில் 'ஃபார்ம் லேண்ட்' வாங்கலாமா? அட்வான்ஸ் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் திண்டுக்கல்காரரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வீடியோ வருகிறது. பின்னணியில் சிறுமலை, முன்னால் கம்பி வேலி போட்ட செம்மண் நிலம், வரிசையாக மாங்கன்று, தென்னங்கன்று. "சார், 20 சென்ட்தான். போர் தண்ணி இருக்கு. நாலுவழிச்சாலையில இருந்து பத்து நிமிஷம். லீவுக்கு வந்தா தங்க ஒரு சின்ன வீடு கட்டிக்கலாம்." லட்சக்கணக்கில் அட்வான்ஸ் அனுப்பும் பலரும் இது சட்டப்படி தன் பெயரில் வாங்கக்கூடிய நிலம்தானா என்று கேட்பதில்லை.

பல நேரங்களில் பதில், 'வாங்க முடியாது' என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாடுவாழ் இந்தியர்களும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் இந்தியாவில் வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, அங்கீகரிக்கப்பட்ட வீட்டுமனை, கடை வாங்கலாம். ரிசர்வ் வங்கியிடம் தனியாக அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் விலை கொடுத்து வாங்க முடியாது. 1999-ம் ஆண்டின் ஃபெமா சட்டத்தின் கீழ் 2019-ல் வந்த விதிகளும் இதையே சொல்கின்றன.

விளம்பரத்தில் 'வில்லா பிளாட்' என்று இருக்கலாம். பட்டாவிலும் பத்திரத்திலும் 'புஞ்சை' என்று இருந்தால் அது விவசாய நிலம்தான். இதற்கு 2016-ல் இருந்து ஒரு பின்கதையும் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனால் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குத்தான் அது பொருந்தும். அதன் பிறகு 'மனை' என்று எழுதினால் டிடிசிபி அப்ரூவல் கேட்பார்கள். அதைத் தவிர்க்க, சென்ட் கணக்கில் 'புஞ்சை நிலம்' என்றே எழுதி விற்கும் வழி பிடித்துக்கொண்டது. உள்ளூர்க்காரருக்கு அது வீடு கட்டும்போது வரும் தலைவலி. வெளிநாட்டில் இருப்பவருக்கோ வாங்கும்போதே விதிமீறல்.

"பத்திரம்தான் ரிஜிஸ்டர் ஆயிடுச்சே" என்பது புரோக்கர்கள் சொல்லும் சமாதானம். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் ஃபெமா மீறல் சரியாகிவிடாது. சம்பந்தப்பட்ட தொகையைப் போல் 3 மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சொத்தைப் பறிமுதல் செய்யவும் முடியும்.

அப்பா பெயரில் வாங்கினால்?

ஊரில் அதிகம் நடப்பது இதுதான். பெற்றோருக்கோ மனைவிக்கோ பணம் அனுப்புவது தப்பில்லை. நெருங்கிய உறவுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரியும் இல்லை. இந்தியாவில் வசிக்கும் அப்பா அந்தப் பணத்தில் விவசாய நிலம் வாங்கலாம்.

ஆனால் அந்த நிலம் அப்பாவுடையது. உயில் எழுதாமல் அவர் காலமானால் அம்மா, அண்ணன், தம்பி, கல்யாணமாகிப்போன அக்கா, தங்கை என எல்லா வாரிசுக்கும் பங்கு உண்டு. பதினைந்து வருஷம் பாலைவன வெயிலில் சம்பாதித்தவரின் கையில் வங்கி ரசீது மட்டும்தான் மிஞ்சும். "அது என் பணம், பெயர் மட்டும்தான் அப்பாவுடையது" என்று கோர்ட்டில் சொன்னால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும். மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அப்பா பெயரில் மட்டும் வாங்கினால் அப்படி நேரடி விலக்கு கிடையாது. அன்பளிப்பு என்றால் அன்பளிப்பு என்றே எழுதிவைத்து, உயிலையும் பேசி முடித்துவிடுவது நல்லது. வீட்டில் பேசக் கூச்சமான விஷயம்தான், ஆனாலும் பேசியாக வேண்டும்.

பரம்பரை நிலம் வேறு கணக்கு. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கம் தாத்தா காலத்துத் தோட்டம் வாரிசாக வந்தால், வெளிநாட்டில் இருப்பவரும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது மட்டும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் ஓசிஐ அட்டை இருந்தால்தான் இந்தச் சலுகையைப் பெறலாம். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் ஓசிஐ அட்டை இல்லாமல் வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும்.

வாங்கலாம் என்று முடிவானால்...

டிடிசிபி அனுமதி எண், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண், இரண்டையும் கேட்டு வாங்கி இணையத்தில் சரிபார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறை தளத்தில் கிடைக்கும். பட்டா, சிட்டாவை வருவாய்த் துறையின் இணைய சேவையில் பார்க்கலாம். மலையை ஒட்டிய இடம் என்றால், அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இருந்தால் கட்டட அனுமதி அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது.

பணம் என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கு வழியாகவோ, வெளிநாட்டில் இருந்து நேரடி வங்கிப் பரிமாற்றமாகவோதான் போக வேண்டும். 'கையில கொடுத்தா ரேட் குறையும்' என்ற பேச்சுக்கு மயங்கினால், பின்னால் விற்று டாலராக வெளியே எடுத்துப்போகும்போது ஆதாரம் இருக்காது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 50 லட்சம் ரூபாய் மனைக்கு நாலரை லட்சம் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

நேரில் வர முடியாதவர்கள் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அந்தப் பவரில் 'வாங்க' என்று மட்டும் இருக்கட்டும். 'விற்க, அடமானம் வைக்க' என்று சேர்த்து எழுதி நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம்.

விற்கும் நாளையும் இப்போதே யோசித்துவிடலாம். உள்ளூர்க்காரர் 50 லட்சத்துக்கு விற்றால் வாங்குபவர் பிடிப்பது 1% டிடிஎஸ். வெளிநாடுவாழ் இந்தியர் 2 வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5% வரி, அதற்கு மேல் செஸ். லாபத்துக்குத்தான் வரி என்றாலும், வாங்குபவர்கள் பெரும்பாலும் மொத்த விலைக்கும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கலாம். பத்திரம் முடிந்த பிறகு கேட்டால், ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.