இண்டஸ்ட்ரியல் விசிட்டில் விட்டுப்போன இடம்



போன வருஷம் நம்மை இரண்டு கம்பெனிகளுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் கூட்டிப் போனார்கள். அசெம்பிளி லைனைப் பார்த்தோம், ரிப்போர்ட் எழுதினோம், கையெழுத்து வாங்கினோம். நல்லதுதான். ஆனால் ஓசூருக்குப் பக்கத்திலேயே ஓடுகிற தென்பெண்ணையை நம்மில் எத்தனை பேர் கரையில் நின்று பார்த்திருக்கிறோம்? பஸ்ஸில் போனால் பேரண்டப்பள்ளி பாலம் அரை நிமிஷம். அதற்குள் கண்டக்டர் சில்லறை கேட்பார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மூன்று பேர் சைக்கிளில் கிளம்பினோம். என்னுடையது பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். இதில் காலேஜுக்கு வர எனக்கு வெட்கமாக இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கெலவரப்பள்ளி அணைக்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. மதகு வழியே தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளை நுரை மலைபோல் எழும்பி நின்றது. ஆறு நுங்கும் நுரையுமாக ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி மார்க் வாங்கியவன் நான். இங்கே நுரை மட்டும்தான் மிச்சம்.

காரணம் மர்மம் ஒன்றுமில்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் ஆறு பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் இதில்தான் சேர்கிறது. துணி துவைக்கும் சோப்புத்தூள் சரக்கு கலந்த தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று உள்ளே புகுந்து நுரை கட்டுகிறது. வெள்ளம் வரும் நாளில் நந்திமங்கலம் பக்கத்துத் தரைப்பாலமே நுரைக்குள் மறைந்துபோகும்.

"எல்லாம் கர்நாடகாக்காரன் வேலை" என்றான் சிவில் நண்பன். சரிடா, நம்ம வீட்டுச் சாக்கடை எங்கே போகுது? அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

என் அப்பா வாய்க்கால் பாசனத்தில் குத்தகைக்குக் கீரை போட்டவர். கால் அரிப்பு தாங்காமல் விட்டுவிட்டு இன்று சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். அவருக்குப் படிப்பில்லை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளுமில்லை. நமக்கு அப்படியா? பிஎச் பார்க்கத் தெரியும், கரைந்த உப்பின் அளவு பார்க்கத் தெரியும். லேபில் குழாய்த் தண்ணீரையே எத்தனை தடவை டெஸ்ட் பண்ணுவது!

வருஷத்தில் இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், ஆற்றுக்கு ஒரு விசிட் போக மாணவர் மன்றம் கேட்க வேண்டும். கெலவரப்பள்ளியில் ஒரு பாட்டில், கிருஷ்ணகிரி அணையில் ஒரு பாட்டில். ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். ஒரு பாட்டிலால் ஆறு சுத்தமாகாது, தெரியும். ஆனால் கணக்கு நம் கையில் இருக்கும்.

சூளகிரி வரை லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே மிதித்தோம். கிருஷ்ணகிரி அணையைப் பார்த்தபோது மதியம் தாண்டிவிட்டது. திரும்பி மிதிக்கத் தெம்பில்லை. காலியாக வந்த தக்காளி டெம்போவில் சைக்கிள்களை ஏற்றினோம்.

ராத்திரி அப்பா கேட்டார்: "தண்ணி எப்படிடா இருக்கு?"

"நுரைப்பா."

"இன்னுமா?" என்றவர் மேலே பேசவில்லை.

விசிட்டுக்கு முதல் பெயர் என்னுடையதாக எழுதிக்கொள்ளுங்கள். சைக்கிள் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், அரசாங்க சைக்கிளில் கேரியர் நன்றாகவே இருக்கிறது.